ஆளில்லா வீடும் ஆள்தேடும் சட்டமும்

பற்றை மண்டிய வளவுகளின் படலைகளில் உள்ளூராட்சிச் சபைகளின் அறிவித்தல்கள் தொங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். குறித்த நாட்களுக்குள் உரிமையாளர் வந்து வளவைத் துப்புரவு செய்ய வேண்டும், தவறினால் சபையே துப்புரவு செய்து செலவை அறவிடும், அல்லது வழக்குத் தொடரும் என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் காணியையே சபை பொறுப்பேற்கும் என்ற வரியும் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த அறிவித்தலைப் படிக்க வேண்டியவர் அங்கே இல்லை. அவர் இல்லாதபடியால்தானே வளவு அப்படி ஆனது!

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுக்கள் உண்டு. “சட்டம் என்றால் சட்டம்தான். காணிக்குச் சொந்தக்காரன் என்றால் பார்க்கத்தானே வேண்டும்” என்பார்கள் ஒரு சாரார். “எங்களைத் துரத்திவிட்டு, இப்போது வளவைக் கூட்டவில்லை என்று கேட்க இவர்கள் யார்?” என்பார்கள் மறு சாரார். முதலாவது பேச்சு நியாயமானது போலத் தோன்றினாலும் அதில் இரக்கமில்லை. இரண்டாவது பேச்சில் உள்ள வேதனை உண்மையானது, ஆனால் அதைச் சொல்லிவிட்டு வாளாவிருந்தால் நட்டப்படப்போவது நாமேதான். ஆகவே இந்த விடயத்தைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

சட்டம் எதற்காக வந்தது?

ஆளில்லா வீட்டைப் பராமரிக்கும் கடமை இன்று நேற்று வந்ததல்ல. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டமே, குடியிருக்கத் தக்கதோ இல்லையோ, ஒரு வீட்டையோ காணியையோ அயலவரின் சுகத்துக்குக் கேடாக அழுக்கடையவும் பற்றை வளரவும் விடுவதைக் குற்றமாக்கியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமங்களின் பொதுச் சுகாதாரத்தைப் பிரதேச சபைகளின் கையில் ஒப்படைத்தது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருகாமல் பார்க்கும் கடமையை உரிமையாளர்மீதும் குடியிருப்பவர்மீதும் நேரடியாகச் சுமத்தியது. தகரம், போத்தல், சிரட்டை, பழைய ரயர் என்பவற்றை அகற்றுவதும், கிணற்றை நுளம்பு புகாதபடி வைத்திருப்பதும் அந்தக் கடமைக்குள் அடங்கும்.

இவை வீண் சட்டங்களல்ல. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகினர், 400இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேரியா நம் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் உறுதிப்படுத்தியது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பக்கூடிய, நாம் முன்பு அறியாத ஒரு வகை நுளம்பு மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் வாழும் இந்த நுளம்பு கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிடுவது. பாவனையில் இல்லாத கிணறு நம் கண்ணுக்கு வெறும் பாழ்கிணறு. நுளம்புக்கோ அது மாளிகை.

அடுத்த வளவில் ஒரு குழந்தை காய்ச்சலோடு படுத்திருக்கும்போது, “நான் இடம்பெயர்ந்தவன்” என்ற நம் பதில் அந்தத் தாய்க்கு மருந்தாகாது. அவளும் பெரும்பாலும் இடம்பெயர்ந்து மீண்டு வந்தவள்தான். எனவே சட்டத்தின் நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆளில்லா வீட்டால் அயலவர் துன்பப்படக் கூடாது என்பது நம்முடைய நிலைப்பாடும்தான். நாம் கேட்பது வேறு கேள்வி: அந்தச் சுமையை யார் எவ்வளவு சுமப்பது?

வீடு ஏன் வெறுமையானது?

சபையின் அறிவித்தலில் “உரிமையாளர்” என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஆனால் நம் பகுதிகளில் ஆளில்லா வீடுகள் ஒரே வகையானவை அல்ல.

வெளிநாட்டில் வசதியோடு வாழ்ந்துகொண்டு, நாட்டிலுள்ள வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர் ஒரு வகை. பெற்றோர் இறந்தபின் பங்கு பிரிக்காமல், “நீ பார், நான் பார்” என்று பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு இன்னொரு வகை. வளவு விடுவிக்கப்பட்டும் கூரையில்லை, தண்ணீரில்லை, பள்ளிக்கூடமில்லை என்று திரும்ப முடியாமல் முகாமிலோ உறவினர் வளவிலோ இருப்பவரின் வீடு மூன்றாம் வகை. உரிமையாளர் உள்ளே போகவே அனுமதிக்கப்படாத வீடு நான்காம் வகை.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூனில் வெளியேறினார்கள். வடக்கின் முஸ்லிம் மக்கள் அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சம்பூர் மக்கள் 2006இல், முள்ளிக்குளம் மக்கள் 2007இல். வலிகாமம் வடக்கிலும் சம்பூரிலும் 2015ஆம் ஆண்டிலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, பலர் தம் வீட்டைத் தேடி நடந்து சென்று, வீடு இருந்த இடத்தையே அடையாளம் காண முடியாமல் நின்றார்கள். பல வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. எஞ்சி நின்றவற்றில் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலையையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 25 ஆண்டுகளில் முளைத்த ஆலும் அரசும் சுவரைப் பிளந்து நின்றன.

இந்த நான்கு வகையினரையும் ஒரே அறிவித்தலால் ஒரே அளவில் அளப்பது சமத்துவம் போலத் தெரியும். ஆனால் அது நீதியல்ல. விட்டுப் போனவனும் விரட்டப்பட்டவனும் ஒன்றா? தன் விருப்பத்தால் கைவிட்டவனிடம் செலவைக் கேட்பது நியாயம். பிறர் பலவந்தத்தால் இழந்தவனிடம், இழப்பின் விளைவுக்கும் நீயே பணம் கட்டு என்பது எந்த நியாயம்?

உலக நாடுகள் இதை எண்ணிப் பார்க்காமல் விடவில்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக ஐக்கிய நாடுகள் 1998இல் முன்வைத்த வழிகாட்டும் கோட்பாடுகளில் 21ஆவது, இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற சொத்து அழிவிலிருந்தும் பிறர் தன்னிச்சையாகக் கைப்பற்றுவதிலிருந்தும் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. அதாவது, நாம் இல்லாத காலத்தில் நம் வீட்டைக் காக்கும் கடமையின் ஒரு பங்கு அதிகாரிகளின் தோளிலும் உண்டு. கோட்பாடுகள் நாட்டின் சட்டமாகா என்று சொல்லலாம். ஆயினும் ஒரு சபை தன் மனச்சாட்சிக்கு வழிகாட்டியாக அவற்றை எடுத்துக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை.

பயம் எங்கே இருக்கிறது?

நம் மக்களை வாட்டுவது துப்புரவுச் செலவு மட்டுமல்ல. “பராமரிக்கவில்லை என்று சொல்லிக் காணியையே எடுத்துவிடுவார்களோ” என்ற பயமே பெரிது. இதில் உண்மை எது, வீண் பயம் எது என்று பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, சபை ஒரு வளவைத் துப்புரவு செய்வதாலோ, அங்கே ஒரு பலகையை நாட்டுவதாலோ உறுதிக் காணி சபைக்குச் சொந்தமாகிவிடாது. பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதற்கு அமைச்சரின் தீர்மானம், அறிவித்தல், விசாரணை, நட்டஈடு என்று படிகள் உண்டு. அந்தப் படிகளைத் தாண்டிக்கொண்டு ஒரு சபையால் காணியை விழுங்க முடியாது. ஆகவே அறிவித்தலைக் கண்டதும் கலங்காதீர்கள், ஆனால் அதை அலட்சியமும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, வரி. கட்டடங்கள் செறிந்த பகுதிகளில் பிரதேச சபை சோலைவரி அறவிடுகிறது. நிலுவை கட்டப்படாவிட்டால் பிடியாணை மூலம் சொத்தைக் கைப்பற்றி விற்று அறவிடும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31இற்குள் கட்டுவோருக்கு 10 வீதக் கழிவு உண்டு. நிலுவை சிறிதாக இருக்கும்போதே சபைக்குப் போய்ப் பேசுவது நல்லது.

மூன்றாவது, உண்மையாகவே அஞ்ச வேண்டிய விடயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றில் இன்னொருவர் உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து 10 ஆண்டுகள் ஆட்சி செய்தால், அவர் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதனால் ஏற்படும் அநீதியைக் கருதி 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் 2009 மே 18இலிருந்து எண்ணினாலும் 10 ஆண்டுகள் 2019 மே மாதத்தோடு நிறைந்துவிட்டன. “எங்கே போகப்போகிறது காணி” என்று இருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வளவில் பிறர் இருக்கிறார்கள் என்றால், நாளை என்று தள்ளாமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ ஆலோசனை பெறுங்கள்.

நான்காவது, அனுமதிப்பத்திரக் காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் நம் விவசாயிகளில் அநேகர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே காணி பெற்றவர்கள். அங்கே காணியை அபிவிருத்தி செய்வதும் அதில் குடியிருப்பதும் நிபந்தனைகள். நிபந்தனை மீறப்பட்டது என்று கருதினால் பிரதேச செயலாளர் அறிவித்தல் கொடுத்து, காரணம் கேட்டு, அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யும் வழி உண்டு. அந்த அறிவித்தலுக்குப் பதில் கொடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. இடம்பெயர்வு என்பது நல்ல காரணம். ஆனால் காரணத்தை நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

சபைகளிடம் நாம் கேட்பவை

2023 மார்ச்சிலிருந்து உள்ளூராட்சிச் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நடந்தன. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின்பின் மீண்டும் தவிசாளரும் உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை என்ற சாட்டு இனி இல்லை. நம் வட்டார உறுப்பினரிடம் பின்வருவனவற்றைக் கேட்போம்.

ஒன்று: ஒவ்வொரு சபையும் தன் எல்லையிலுள்ள ஆளில்லா வீடுகளுக்கும் பாழ்கிணறுகளுக்கும் ஒரு பதிவேடு வைக்கட்டும். அதில் வீடு ஏன் வெறுமையானது என்ற காரணமும் எழுதப்படட்டும். காரணம் தெரியாமல் நடவடிக்கை எடுப்பது நோயறியாமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

இரண்டு: அறிவித்தலைப் படலையில் கட்டுவதோடு கடமை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. இடம்பெயர்ந்தவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய பழைய கிராம அலுவலருக்கு அநேகமாகத் தெரியும். கோயில், பள்ளிவாசல், பங்குமனை, கமக்காரர் அமைப்பு என்பவற்றின் மூலமும் ஆளைத் தேடலாம். ஆள் கையில் அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்தே தவணை எண்ணப்பட வேண்டும்.

மூன்று: உரிமையாளர் நுழையத் தடையுள்ள காணிக்கு வரியும் வேண்டாம், தண்டமும் வேண்டாம். தடை நீங்கிய பின்னரும் குடியேற ஒரு நியாயமான காலம் கொடுக்கப்படட்டும். அந்தக் காணியை வைத்திருப்பவர் யாரோ, நுளம்பு ஒழிக்கும் கடமையும் அவருடையதே. 2007ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரை மட்டுமல்ல, இடத்தில் இருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது என்பதை நினைவிற் கொள்வோம்.

நான்கு: திரும்ப வசதியற்ற குடும்பங்களின் கிணற்றை மூடுவதும் பற்றை வெட்டுவதும் சபையின் செலவில் நடக்கட்டும். ஒரு கிணற்றுக்கு வலை போடவும் மீன் குஞ்சு விடவும் ஆகும் செலவு, ஒரு டெங்கு நோயாளியை வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்துகொண்டு வசதியோடு பூட்டி வைத்திருப்பவரிடம் செலவை அறவிடட்டும், அதை நாம் எதிர்க்கமாட்டோம்.

ஐந்து: போர் நடந்த இடங்களில் எந்த வளவையும் வெடிபொருள் பரிசோதனை இல்லாமல் துப்புரவு செய்யும்படி கட்டளையிடக் கூடாது. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணி இன்னும் நிறைவடையவில்லை. தண்டத்துக்குப் பயந்து ஒரு தகப்பன் மண்வெட்டியோடு போய்க் காலை இழந்தால், அந்தக் காலுக்கு எந்தச் சபை பொறுப்பு?

நம்முடைய பங்கு

கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. நாம் செய்யக்கூடியவையும் உண்டு, அவற்றுக்குப் பெரும் பணமும் தேவையில்லை.

உங்கள் காணி எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காணியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, வெளியேறிய ஆண்டு, வெளியேறிய காரணம், இப்போதைய முகவரி ஆகிய இவ்வளவும் போதும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். நாளை ஒருவர் “அவர்கள் காணியைக் கைவிட்டுவிட்டார்கள்” என்று சொன்னால், கைவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வரிப் பற்றுச்சீட்டு உறுதியாகாது, ஆயினும் அதுவும் ஒரு சான்றுதான்.

போய்வரக்கூடிய தூரமென்றால் மாரிக்கு முன் ஒரு முறை, மாரிக்குப் பின் ஒரு முறை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போங்கள். தனியே போனால் ஒரு நாள் முழுவதும் ஒரு வளவுதான் வெட்டலாம். கூட்டாகப் போனால் ஒரு ஒழுங்கையே துப்புரவாகும். வயல் வேலையில் நாம் காலங்காலமாகச் செய்த பரிமாற்றுக் கூலிமுறைதானே இது! புறப்படுமுன் அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஒப்படைத்த இடமாயினும் பாழ்கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். சந்தேகமான பொருளொன்றைக் கண்டால் தொடாமல் அறிவியுங்கள். கூரையில் எஞ்சிய பீலி, கவிழ்ந்த தொட்டி, உடைந்த மலசலகூடக் குழி என்பவற்றில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள்.

ஒருவரை வீட்டில் இருத்தினால் எழுத்தில் இருத்துங்கள். “சொந்தக்காரன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று வாய்ப்பேச்சில் விட்ட வீடுகள்தான் பிற்காலத்தில் நீதிமன்றப் படியேறியிருக்கின்றன. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? உரிமையாளரின் அனுமதியோடு, வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக இருக்கிறேன் என்று இருப்பவர் கையொப்பமிட்ட ஒரு கடிதம், இரண்டு சாட்சிகளோடு இருக்கட்டும். அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாகாது. நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு செய்வித்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு சொல். நம் வீட்டில் இருப்பவரும் பல வேளைகளில் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டவராக இருப்பார். அவருடைய வீட்டில் இன்னொருவர் இருப்பார், அல்லது ஒரு முகாம் இருக்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நமக்கு எவ்வளவு உண்மையோ அவருக்கும் அவ்வளவு உண்மை. நம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் பொலிசோடு போய் நிற்குமுன் ஊர்ப் பெரியவர்களோடு போய் இருந்து பேசலாம், தவணை கொடுக்கலாம், அவருக்கும் காணி கிடைக்கும்படி பிரதேச செயலகத்தில் சேர்ந்து கேட்கலாம். துரத்தப்பட்டவர்கள் ஒருவரையொருவர் துரத்துவதைப் பார்த்து மகிழ்பவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்.

ஆளில்லா வீடு அயலுக்குச் சுமைதான். அந்தச் சுமையை நியாயமாகப் பங்கிட்டால் சுமக்கலாம். உரிமையாளரை ஏன் வரவில்லை என்று கேட்கும் சட்டம், அவர் வருவதற்குப் பாதை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, வேலியின் அந்தப் பக்கம் காவலரண் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். சபைகளின் கூட்டங்கள் மாதந்தோறும் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் கிராமத்தின் ஆளில்லா வீடுகளின் பட்டியலை நீங்களே எழுதுங்கள்: யாருடைய வீடு, எப்போது வெறுமையானது, ஏன் வெறுமையானது, கிணறு எந்த நிலையில் இருக்கிறது. அதைக் கையொப்பங்களோடு தவிசாளரிடம் கொடுங்கள். நம் வீடுகளின் கணக்கை நாமே எழுதிக் கொடுத்தால், பிறர் எழுதும் கணக்குக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.